ஜிரா டாஷ்போர்டில் எனக்குத் தெரியும் எண்கள் குழுவினருக்கு ஏன் தெரியவில்லை?

வேலைகளைப் பதிவுசெய்து பின்தொடரும் மென்பொருளான ஜிராவில், டாஷ்போர்டைக் குழுவோடு பகிர்ந்தும் அவர்களுக்கு அதிலுள்ள விட்ஜெட்கள் (சிறு கட்டங்கள்) திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஃபில்டர்தான், அதாவது சேமித்து வைத்த தேடல்.

ஜிராவில் விட்ஜெட்டின் பெயர் கேட்ஜெட். பல கேட்ஜெட்கள் நீங்கள் சேமித்து வைத்த ஒரு ஃபில்டரை ஓட்டி, கிடைப்பதைப் பட்டியலாகவோ வட்ட வரைபடமாகவோ காட்டுகின்றன. டாஷ்போர்டுக்கு ஓர் அனுமதி, ஃபில்டருக்குத் தனி அனுமதி. முதலாவதை மட்டும் பகிர்ந்தால் மற்றவர்களுக்குக் கட்டம் தெரியும், உள்ளே விவரம் வராது. ஃபில்டரின் விவரங்களைத் திருத்தும் இடத்தில் அதே குழுவைப் பார்வையாளராகச் சேர்த்துவிடுங்கள்.

சரி, சேர்த்த பிறகும் எண்கள் ஆளுக்கு ஆள் மாறினால்? அந்தப் புராஜெக்டையே பார்க்க உரிமை இல்லாதவருக்கு அதன் டிக்கெட்கள் (பதிவான வேலைகள்) கணக்கில் வராது. அது பிழை அல்ல, பாதுகாப்பு. புராஜெக்ட் நிர்வாகியிடம் பேசித்தான் மாற்ற முடியும்.

அப்புறம், ஃபில்டரில் உங்கள் பெயரை நேரடியாக எழுதாதீர்கள். 'தற்போதைய பயனர்' என்பதற்கான ஃபங்ஷனைப் போட்டால், திறக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையே தெரியும். ஒரே டாஷ்போர்டு முழுக் குழுவுக்கும் போதும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.