கோடையில் வீட்டுத் தோட்டத்தைச் சீரமைக்க எங்கிருந்து தொடங்கலாம்?

கோடையில் தோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுச் செடி வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கொளுத்தும் வெயிலில் நட்ட கன்று வேர் பிடிக்கவே திணறும்.

மண்ணிலிருந்து தொடங்குங்கள். களையும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் தொல்லை தரும் பாத்தி இருந்தால், அதைச் சரிக்கட்ட இதைவிட நல்ல காலம் கிடையாது. பாத்தியைக் கொத்திச் சமன் செய்து, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரங்களில் மண் அணைத்துவிடுங்கள். 4 முதல் 6 வாரம் அப்படியே கிடக்கட்டும். உள்ளே ஏறும் சூட்டில் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும், பூஞ்சையும் குறையும். கறுப்புத் தாள் வாங்கிவிடாதீர்கள். வெயிலை அதுவே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் சூடு அவ்வளவாக இறங்காது. கோரைக் கிழங்கு மட்டும் இதற்கெல்லாம் மசியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இருக்கும் செடிகளுக்கு இலைச்சருகை 2, 3 அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும். தண்ணீர் காலையில், தினம் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக.

நடைபாதைக் கல் பதிப்பதானால், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 50 அடிக்கு 1 அடி சரிவு வையுங்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் போய் நிற்கும்.