வில்லங்கச் சான்றிதழில் வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 12 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். நிலம், வீடு என்று முதலீடு செய்வதை அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள ஆசை. மனை நல்லதா, அடுக்குமாடி வீடு நல்லதா? ரீட் வாங்கலாமா? பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும்? அன்னூர் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். பூர்வீகச் சொத்து. 30 வருட வில்லங்கம் சுத்தம் என்கிறார் தரகர். அண்ணன் தம்பிகள் மூவரும் கையெழுத்துப் போடத் தயார். சகோதரிகள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டதால் சிக்கல் இல்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விகளுக்காக அல்ல, போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துப் பழைய பத்திரங்களை அண்மையில்தான் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இரட்டிப்பாவது பற்றி ஜோசியரைக் கேளுங்கள். ரீட் என்பது பலர் பணத்தைச் சேர்த்து வாடகைக் கட்டடங்களில் போடும் முதலீட்டு அமைப்பு. 2019 முதல் நம் பங்குச்சந்தையில் இருக்கிறது. ஒரே ஓர் அலகுகூட வாங்கலாம், கட்டட வாடகையில் பங்கு வரும். பத்திரம் படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது போதும். அடுக்குமாடி என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும், மனை என்றால் டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரத்தையும் பாருங்கள். கையிலிருக்கும் 12 லட்சம் முழுவதற்கும் மனை தேடாதீர்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக லட்சத்துக்கு 9,000 ரூபாய் தனியாக வேண்டும்.

அந்த வரிக்கு வருகிறேன். "கல்யாணமாகிப் போய்விட்டதால் சிக்கல் இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது, தம்பி? தரகர் சொல்வார், அது அவர் பிழைப்பு. நீங்கள் படித்தவர்.

தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், அவர் உயில் எழுதாமல் இறந்தபின் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அது வேறு கதை. அப்படி ஒரு பத்திரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், தாயும் தந்தையும் காலமாகிவிட்ட குடும்பத்தில் அந்த மூவரும் விற்கக்கூடியது ஐந்தில் மூன்று பங்கு மட்டுமே. மீதி இரண்டு பங்குக்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது ஒரு பாகப்பிரிவினை வழக்கை.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தம் என்கிறீர்கள். பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். எழுதாமலே வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் பங்கு அதில் ஒரு வரியாகக்கூட இருக்காது. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது என்பார்கள். அது வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் அல்ல.

கோவில்பட்டிப் பக்கம் தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த கரிசல் நிலம், எங்கள் ஊர்ப் பேச்சில் காடு, எங்களுக்கு இருந்தது. அவர் இறந்தபின், எண்பதுகளின் தொடக்கத்தில், அத்தையைப் பஸ்ஸில் அழைத்துவந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நானும் உடன் போயிருந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை, "எந்தக் காட்டுக்கு இது?" என்று ஒருமுறை கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றார் அப்பா. ஒரு சேலையும் ஓட்டல் சாப்பாடும் கிடைத்தன. "அன்பினாலும் பாசத்தினாலும்" பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாக அந்தப் பத்திரம் சொல்கிறது. பிற்பாடு நான்குவழிச் சாலை வந்து காடு மனைகளாக விலைபோன வருடம், மகளின் நர்சிங் படிப்புக்கு அத்தை கொஞ்சம் கடன் கேட்டார். "பார்க்கலாம்" என்றார் அப்பா.

சட்டப்படி அந்த நிலத்தில் எந்த வில்லங்கமும் இல்லை. கையெழுத்து வாங்கும் அளவுக்காவது எங்கள் வீட்டாருக்குப் பயம் இருந்தது. உங்கள் தரகருக்கு அதுவும் இல்லை.

வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பெயர்களை எண்ணுங்கள். சகோதரிகளைத் தேடிப்போய் நீங்களே பேசுங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் கிரயப் பத்திரத்தில் அவர்களும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடட்டும். அவர்கள் பங்குக்கு அவரவர் பெயரில் தனித்தனியாக வங்கி வரைவோலை எடுங்கள். மொத்தத்தையும் அண்ணன் கையில் கொடுக்காதீர்கள். தரகர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.