கோடையில் வகுப்பு இல்லாத அடல்ட் ஸ்கூல் ஆசிரியர் வேலையின்மைப் பணம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் பெரியவர்கள் படிக்கும் அடல்ட் ஸ்கூல் ஒன்றில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பதாகவும், ஜூனில் வகுப்பு முடிந்தால் ஆகஸ்ட் வரை வருமானமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். "பள்ளிக்கூட வேலைக்கு லீவில் கிடையாது" என்று உடன் வேலை செய்பவர் சொன்னாராம். நானும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் இ.எஸ்.எல். ஆசிரியைதான். கோடையில் இந்தப் பணம் வாங்கித்தான் வீட்டு வாடகை கட்டியிருக்கிறேன்.

அவர் சொன்னது நிரந்தர ஆசிரியர்களுக்குச் சரி. மாநில வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 1253.3 பிரிவுப்படி, அடுத்த பருவத்திலும் வேலை உண்டு என்று பள்ளி நியாயமான உறுதி தந்திருந்தால், இடைப்பட்ட விடுமுறைக்கு அந்தப் பள்ளிச் சம்பளத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது. ஆனால் மாணவர் சேர்க்கை, நிதி, பாடத்திட்ட மாற்றம் இவற்றைப் பொறுத்தே வேலை என்றால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் மணிக்கூலி ஆசிரியர்கள் தொடர்ந்த செர்விசி வழக்கில், 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதையே தீர்ப்பாகச் சொன்னது. எத்தனை வருடம் தொடர்ந்து கூப்பிட்டிருந்தாலும், ஆள் சேராவிட்டால் வகுப்பை எடுத்துவிடலாம் என்ற நிபந்தனை நிபந்தனைதான்.

ஆகவே முதலில் பள்ளி கொடுத்த பணி ஒதுக்கீட்டுக் கடிதத்தை எடுத்து வைத்துப் படியுங்கள். ஆள் சேர்ந்தால், நிதி இருந்தால்தான் வகுப்பு என்று அதில் இருக்கிறதா பாருங்கள், எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கடைசி வகுப்பு முடிந்த வாரமே, இந்தப் பணத்தைத் தரும் மாநிலத் துறையான இ.டி.டி.யின் தளத்தில் விண்ணப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். திரும்ப வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள். "இருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்தால் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். "சேர்க்கையும் நிதியும் இருந்தால் மட்டும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

என் விஷயத்தில் பள்ளி அலுவலகம் "ஆகஸ்டில் வருவார்" என்று மட்டும் பதில் அனுப்பியதால் மறுப்புக் கடிதம் வந்தது. அதைப் பார்த்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு வலிக்கும் இடம் இதுதான். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம், செலவு கிடையாது. விசாரணையில் நீதிபதியிடம் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும், முன்பு ஆள் சேராமல் ரத்தான வகுப்பின் மின்னஞ்சலையும் கொடுத்தேன். நிறுத்தி வைத்த வாரங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அப்பீல் நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிப்பை, அதாவது அந்த வாரங்களில் வேலை, வருமானம் பற்றி இ.டி.டி. கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தருவதை, விடாமல் செய்ய வேண்டும். விட்ட வாரத்துக்குப் பணம் வாங்குவது கஷ்டம்.

தொகை பெரிதல்ல. வாரத்துக்கு 40 முதல் 450 டாலர் வரை. இந்த உச்சவரம்பு 2005லிருந்து ஏறவே இல்லை. முதல் வாரம் காத்திருப்பு, அதற்குப் பணம் இல்லை. கோடையில் டியூஷன் மாதிரி ஏதாவது சம்பாதித்தால் அதையும் சொல்லியாக வேண்டும், ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். மாநில வருமான வரி இதற்கு இல்லை, மத்திய வரி உண்டு. வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும், தேடவும் வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு வேலை அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். இந்தக் காப்பீட்டுக்கான பணத்தைக் கொடுப்பது நம்மை வேலைக்கு வைத்தவர்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உங்கள் பள்ளி அலுவலகத்தில் பதிவு வேலை பார்ப்பவர்கள், வகுப்பு உதவியாளர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். உறுதி தந்துவிட்டு ஆகஸ்டில் பள்ளி வேலை தராமல் போனால், ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு அந்தக் கோடை வாரங்களுக்கான பணத்தைப் பின்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஜூனிலேயே விண்ணப்பித்து, மறுத்தாலும் சான்றளிப்பைத் தொடர்ந்திருக்க வேண்டும்.