பேச்சிப்பாறை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும் வண்டிக்கு

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, பைக் இழுக்கவில்லை என்கிறீர்கள். கிளட்ச் வழுக்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் உடனே கிளட்ச் பிளேட் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் கிளட்ச் லிவரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் பிளே வேண்டும், அதாவது கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா ஆடும் தூரம். அது இல்லாமல் கேபிள் இறுகிக் கிடந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறதே, கேபிள் உள்ளே துருப்பிடித்துச் சிக்கி நிற்பதும் சகஜம்தான்.

அப்புறம், ஆயில் மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை என்றீர்களே, ஊற்றியது கார் ஆயிலா? எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். உங்கள் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தே ஓடுவது. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருக்கும், அது பிளேட்டை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கான தரக்குறி போட்டிருக்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் மட்டும் கிளட்ச் கவரைக் கழற்றுங்கள். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் நன்றாகச் சூடேறியிருக்கிறது. கண்ணாடி மேல் வைத்தால் வளைவு தெரியும். பிளேட்டை மாற்றினால் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். புது பிரிக்‌ஷன் பிளேட்டைப் பூட்டும் முன் ஆயிலில் ஊறப்போடச் சொல்லுங்கள், அவசர வேலையில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். கவரை மூடும்போது ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் பழையது வேண்டாம்.