வைர மோதிரம்: ஜோடியாகக் கேட்டவர்களுக்கு

என் வருங்காலக் கணவருக்கு, மோதிரத்தைத் திடீரென்று நீட்டி என்னைத் திக்குமுக்காட வைக்க ஆசை. எனக்கோ நானே பார்த்து எடுக்க வேண்டும். எது சரி?

சேர்ந்தே போங்கள். தினமும் போடப்போகிறவர் போட்டுப் பார்க்காமல் மோதிரம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. படத்தில் மயக்கிய மோதிரம் விரலில் ஏறியதும் சாதாரணமாகத் தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டது பளிச்சென்று பொருந்தும். மூன்று நான்கு வடிவங்களைப் போட்டுப் பார்த்து, பிடித்தது எது, வேண்டவே வேண்டாம் என்பது எது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அவற்றில் எதை வாங்குகிறார், எந்த நாளில் தருகிறார் என்பது அவர் கையில் இருக்கட்டும். தொகையை மட்டும் கடைக்குப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். விற்பனையாளர் எதிரில் அந்தப் பேச்சு எழுந்தால் இருவரில் ஒருவருக்கு மனம் சுருங்கும்.

இரண்டு கல்லும் 1 கேரட்தான். ஒன்று பெரிதாக மின்னுகிறது, இன்னொன்று சின்னதாக, மங்கலாக இருக்கிறது. எப்படி?

நல்ல வேளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்! தங்கத்தில் கேரட் என்றால் தூய்மை. வைரத்தில் அது வெறும் எடை, 1 கேரட் 0.2 கிராம். அந்த எடை கல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பட்டை தீட்டியவர் தீர்மானிக்கிறார். சரியாகத் தீட்டிய 1 கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அடிப்பகுதியை ஆழமாக விட்டுவிட்டால் எடை கீழே ஒளிந்துகொள்ளும், மேலிருந்து கல் சிறிதாகத் தெரியும். மேலே விழும் ஒளியும் திரும்பி வராமல் அடிவழியே வெளியேறுவதால் நடுவில் இருட்டடிக்கும். ரொம்பவும் தட்டையாகத் தீட்டினால் வேறு கோளாறு: கல்லுக்குள் சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும், மீன் கண் மாதிரி.

அடுத்த முறை கல்லைக் கடையின் குவிவிளக்கிலிருந்து நகர்த்திச் சாதாரண வெளிச்சத்துக்கு, முடிந்தால் ஜன்னலோரத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். குவிவிளக்கின் கீழ் சுமாரான கல்கூட ஜொலிக்கும். நிழலிலும் உயிரோடு இருக்கிற கல்தான் நல்ல கல். வட்டக் கல்லின் சான்றிதழில் ‘கட்’ தரம், அதாவது பட்டை தீட்டிய தரம், ‘எக்ஸலன்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பணம் போதவில்லை என்றால் எடையைக் குறையுங்கள், ‘கட்’ தரத்தைக் குறைக்காதீர்கள். நன்றாகத் தீட்டிய 0.9 கேரட் கல்லுக்கும் 1 கேரட்டுக்கும் அகலத்தில் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டருக்குள்தான், விலையில் அதைவிடப் பெரிய இடைவெளி இருக்கும்.

விவிஎஸ் கிளாரிட்டிதான் வேண்டும் என்று என் வருங்காலக் கணவர் பிடிவாதமாக இருக்கிறார்.

கிளாரிட்டி என்றால் கல் எவ்வளவு புள்ளி, குறை இல்லாமல் இருக்கிறது என்பது. அதை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். விரலில் இருக்கும் மோதிரத்தை யாரும் லென்ஸ் வைத்துப் பார்ப்பதில்லை. விவிஎஸ்ஸுக்கு அடுத்த படியான விஎஸ் தரத்தில் உள்ள புள்ளிகளே பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நிறமும் இப்படித்தான்: மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் லேசான மஞ்சள் சாயல் கொண்ட ‘ஐ’, ‘ஜே’ நிறத் தரக் கல்லும் வெள்ளையாகவே தோன்றும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியா? என் அம்மா அப்படித்தான் சொல்கிறார்.

போலி இல்லை அம்மா! அதே கார்பன், அதே படிக அமைப்பு, அதே கடினம். கண்ணால் வேறுபடுத்த முடியாது, கருவி வேண்டும். போலி என்று சொல்ல வேண்டுமானால் வைரம் போலத் தோன்றும் வேறு கல்லான சிர்கோனியாவை வைரம் என்று விற்பதைச் சொல்லலாம். ஒன்றை மட்டும் இருவரும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: ஆய்வக வைரத்தின் விலை சில ஆண்டுகளாக இறங்கிவந்திருக்கிறது, திரும்ப விற்றால் கிடைப்பது சொற்பம். விற்கும் எண்ணமே இல்லை, பெரிய கல்லாக வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். சான்றிதழில் அதன் பிறப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான் செவிலியர். நாள் முழுக்கக் கையுறை மாட்டிக் கழற்றும் வேலை. எந்த மாதிரி பதிக்கச் சொல்லலாம்?

கல்லைப் பிடித்திருக்கும் உயரமான கொக்கிகள் வேண்டாம், கையுறையைக் கிழிக்கும். கல்லைச் சுற்றி உலோக விளிம்பு கட்டி, தாழ்வாகப் பதிக்கச் சொல்லுங்கள். வைரத்தைக் கீற வைரத்தால்தான் முடியும், ஆனால் ஓரத்தில் பலமாக அடிபட்டால் அதுவும் சில்லுப் பெயரும். உலோக விளிம்பு அந்த ஓரத்தைக் காக்கும். வேலை நேரத்தில் மெல்லிய சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள்.

விரல் அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வருகிறதே?

வரத்தான் செய்யும். வெயிலில் விரல் உப்பும், குளிரில் சுருங்கும். சாயங்கால அளவை எடுத்துக்கொள்ளுங்கள், மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி. வளையம் முழுக்கக் கல் பதித்த மாதிரி மட்டும் எடுத்தால் இரண்டு நாள் அளந்து பாருங்கள். அதைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ பெரும்பாலும் முடியாது.

வாங்கி மூன்று மாதத்தில் பளபளப்பு போய்விட்டது. ஏமாந்துவிட்டோமா?

இல்லை. வைரத்தின் மேல் எண்ணெய் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கைக்குப் போடும் கிரீமும் தோலின் பிசுக்கும் அடியில் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். கழுவும் முன் வடிகாலை மூடிவிடுங்கள். அப்புறம் காதருகே வைத்து மோதிரத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். கிலுகிலுவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, அன்றைக்கே கொண்டுபோய்க் கொக்கியை இறுக்கச் சொல்லுங்கள்.