முதலில் சாப்பிடக் கூப்பிடுங்கள், வாதம் அப்புறம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி, ஒரு மதத்தவரைக் குறிப்பிட்டு ‘இவங்களை ஒழிச்சாத்தான் நாடு உருப்படும்’ என்கிறான். ராத்திரி முழுக்க அந்த வீடியோக்கள்தான். அப்பா அடித்துப் பார்த்தார். நான் ஆதாரம் காட்டி வாதாடினேன். இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, சாப்பிட வருவதில்லை என்று, அதுதான் எனக்குக் கவலை. வீட்டில் இடமில்லை என்றானால் அந்தக் கூட்டமே அவனுக்கு வீடாகிவிடும்.

அமெரிக்காவில் டெரக் பிளாக் என்பவரின் தந்தை, வெள்ளை இனவெறியர்களுக்காக 1995-இல் இணையதளம் தொடங்கியவர். டெரக்கும் சிறு வயதிலேயே அதில் சிறுவர் பக்கம் நடத்தினார். புளோரிடா நியூ காலேஜில் படிக்கும்போது குட்டு வெளிப்பட, பலர் ஒதுக்கிவிட்டார்கள். மாத்யூ ஸ்டீவன்சன் என்ற யூத மாணவர், ஆள் யாரென்று தெரிந்தே, வெள்ளிக்கிழமை சப்பாத் (யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள்) விருந்துக்கு அழைத்தார். அங்கே அரசியல் பேச்சை எடுக்கவில்லை. விருந்து வாராவாரம் தொடர்ந்தது. அந்த வட்டத்தில் நெருங்கிய அலிசன் கோர்னிக் என்ற தோழிதான் பிறகு புள்ளிவிவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பேசினார். 2013-இல் டெரக் அந்தக் கொள்கையைப் பகிரங்கமாகக் கைவிட்டார்.

ஆக, உங்கள் ஆதாரத்தில் தப்பில்லை, முந்திவிட்டது, அவ்வளவுதான். (வெறுக்கப்படுபவர்களே விருந்து வைக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அது அவர்கள் தலையெழுத்தா என்ன? நீங்கள் அக்கா. உங்களால் முடியும்.)

பேசுவதானால் தனியாகப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். ஹிட்லரின் இனவெறியை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் நவநாஜிகள் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேற உதவும் ஜெர்மனியின் ‘எக்ஸிட்’ அமைப்பு, 2011-இல் கெரா நகரில் நடந்த அவர்களுடைய இசைவிழாவுக்கு இலவச டி-ஷர்ட்டுகளை அனுப்பியது. வீட்டில் துவைத்ததும் மேலச்சு கரைந்து வேறு வாசகம் தெரிந்தது: இந்த டி-ஷர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம். கூட்டாளி யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து எட்டிய செய்தி அது.

தம்பியிடம் கொள்கையைக் கிளறாமல், ‘அங்க யாருடா உனக்கு நெருக்கம்? அவங்ககிட்ட என்ன பேசுவே?’ என்று கேளுங்கள். பலரைப் பிடித்துவைப்பது கொள்கையைவிட அந்தச் சேர்க்கைதான். வெறுப்பைக் கக்கினால் ‘இது எனக்குச் சம்மதமில்லை’ என்று ஒரே தடவை சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றுங்கள். அப்பாவின் கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சு ஆயுதம், நாள், இடம் என்று போனால் இதெல்லாம் செல்லாது. அன்றைக்கே போலீசிடம் போங்கள், அவன் உங்கள் முகத்தில் விழிக்காமல் போனாலும்.