வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து ஏன் திறக்கவில்லை?

கேள்வி: ரவுட்டரின் அமைப்புகளை வெளியிலிருந்தே மாற்ற உதவும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆன் செய்து, போர்ட் (இணைப்பு உள்ளே வரும் வாசல் எண்) 8080 கொடுத்திருக்கிறேன். அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் ஐபி முகவரி இருக்கிறது. வீட்டு வைஃபையில் இருந்தபடி அந்த முகவரியை அடித்தால் லாகின் பக்கம் வருகிறது, வெளியே போனால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. ரவுட்டரை ரீசெட் செய்தும் பலனில்லை. ரவுட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் எழுதியிருக்கும் 100.72 என்பதிலேயே விடை இருக்கிறது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. பொது ஐபிவி4 முகவரிகள் போதாததால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். நீங்கள் வெளியே போகும் பாதை திறந்திருக்கும், ஆனால் வெளியிலிருந்து புதிதாக வருகிற இணைப்பை யாருடைய வீட்டுக்கு அனுப்புவது என்று அவர்களின் கருவிக்குத் தெரியாது. அதனால் அது உங்கள் ரவுட்டர் வரைக்கும் வந்து சேருவதே இல்லை. வீட்டுக்குள் திறந்ததற்குக் காரணம், ரவுட்டர் தன் சொந்த முகவரிக்குத் தானே பதில் சொன்னதுதான். இந்தச் சோதனையை எப்போதும் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள், வைஃபையில் செய்தால் ஏமாந்துபோவோம்.

இதே சிக்கல் உள்ள மற்றவர்களும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ரவுட்டர் காட்டும் வான் (WAN) முகவரியையும், அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் முகவரியையும், 'என் ஐபி என்ன' என்று சொல்லும் ஏதாவது ஒரு தளம் காட்டும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் போர்ட்டை மாற்றுவது, ஃபயர்வாலை அணைப்பது, டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபிக்கு ஒரு நிலையான பெயர் தரும் சேவை) போடுவது எல்லாமே வீண் உழைப்பு. வான் முகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், நிறுவனம் கொடுத்த மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்துகொண்டிருக்கலாம், அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். உங்களுக்கு அது உதவாது, நிறுவனத்திடம்தான் பொது ஐபி கேட்க வேண்டும். சிலர் கேட்டதும் தருவார்கள், சிலர் கட்டணம் வாங்குவார்கள்.

பொது ஐபி கிடைத்தாலும் தயவுசெய்து லாகின் பக்கத்தை இணையத்துக்கு அப்படியே திறந்து வைக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப் பெரிய தளங்களையே முடக்கியது. திறந்து கிடக்கும் போர்ட்களைத் தேடும் நிரல்கள் இன்றும் ஓயாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. போர்ட் எண்ணை மாற்றி வைப்பதெல்லாம் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிட்டு, ரவுட்டரில் வையர்கார்டு போன்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வர உதவும் பூட்டிய பாதை) இருந்தால் அதன் வழியாக உள்ளே வாருங்கள். பொது ஐபி கிடைக்கவே இல்லையென்றால் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் சேவையை வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கணினியில் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு அதையே வழியாக அமைத்துக்கொள்ளலாம். இணைப்பு வீட்டிலிருந்து வெளியே புறப்படுவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது.

கேள்வி: விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டுகிறது. ஆனால் 192.168.1.1 அடித்தால் நான் தங்கியிருக்கும் இடத்தின் ரவுட்டர் பக்கம் திறக்கிறதே?

பதில்: இரண்டு இடத்திலும் ஒரே முகவரி வரிசை இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் லேப்டாப், 192.168.1.1 பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து விபிஎன்னுக்குள் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. வீட்டு வரிசையை 192.168.37 போல அதிகம் யாரும் வைக்காத ஒன்றாக மாற்றுங்கள். இதை வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள், தூரத்திலிருந்து மாற்றினால் பாதியிலேயே இணைப்பு அறுந்துபோகும். அப்புறம் பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அவற்றையும், விபிஎன் அமைப்பில் இருக்கும் பழைய வரிசையையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள்.